கணினிக் கேள்வி-பதில்: 48 பைட்டுக்குக் காவல்

சென்ற இதழில் டீபக்கரின் (நிரலில் பிழை தேட உதவும் கருவி) வாட்ச்பாயிண்ட் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தோம். ஒரு மாறியின் மதிப்பை எந்த வரி கெடுக்கிறது என்று தெரியாதபோது, அதன் நினைவக முகவரிக்குக் காவல் போட்டு நிரலை ஓடவிட்டால், யார் அங்கே எழுதினாலும் செயலியே நிறுத்திக் காட்டிக்கொடுக்கும். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: எட்டு பைட்டைத் தாண்டினால் என்ன செய்வது? இந்த மாதப் பகுதி முழுவதும் அதற்கே. கீழே வரும் முகவரிகள் எல்லாம் பதினறும (16-ஐ அடியாகக் கொண்ட, ஹெக்ஸ்) எண்கள்; பைட் கணக்கு வழக்கமான எண்களில்.

கேள்வி: ஐயா, எங்கள் ஆலையின் எடைமேடை நிரல் ரஸ்பெரி பை 4-இல், 64-பிட் லினக்ஸில் ஓடுகிறது. ஒவ்வொரு கரும்பு வண்டிக்கும் 48 பைட் அளவுள்ள ஒரு ஸ்ட்ரக்ட் (பல புலங்களை ஒன்றாக வைக்கும் தரவுத் தொகுப்பு) உண்டு. எப்போதாவது அதில் ஒரு புலம் கெட்டுப்போகிறது. ஜி.டி.பி. என்ற டீபக்கரில் முழு ஸ்ட்ரக்ட்டுக்கும் வாட்ச் போட்டால் நிரல் நின்றுவிட்டதோ என்று நினைக்கும் அளவுக்கு மெதுவாகிறது. ஒரே ஒரு புலத்துக்குப் போட்டால் வேகமாக ஓடுகிறது. ஜூனில் வெட்டு தொடங்குவதற்குள் சரிசெய்ய வேண்டும்.
– வாசகர், ஃபிளாக்

பதில்: வாட்ச் போட்டதும் ஜி.டி.பி. என்ன எழுதியது என்று பாருங்கள். ஒரு புலத்துக்குப் போட்டபோது ‘ஹார்ட்வேர் வாட்ச்பாயிண்ட் 2’ என்று வந்திருக்கும். முழு ஸ்ட்ரக்ட்டுக்கு வெறும் ‘வாட்ச்பாயிண்ட் 2’ என்றுதான் வந்திருக்கும். அந்த ஒரு சொல் இல்லையென்றால் காவல் இருப்பது செயலியில் அல்ல. ஜி.டி.பி.யே நிரலை ஒவ்வொரு கட்டளையாக நகர்த்தி, ஒவ்வொன்றுக்கும் பிறகு 48 பைட்டையும் பழைய நகலோடு ஒப்பிடுகிறது. நூற்றுக்கணக்கான மடங்கு மெதுவாகும் என்று ஜி.டி.பி. கையேடே சொல்கிறது. இன்னொரு ஆபத்தும் உண்டு: பல திரெட் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் இழை) உள்ள நிரலில் இந்த மென்பொருள் காவல் ஒரு திரெட்டை மட்டுமே பார்க்கும். கெடுப்பது வேறொரு திரெட் என்றால் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் அது யார் என்று உங்களுக்குத் தெரியப்போவதில்லை.

காரணம் எளிய கணக்கு. பை 4-இல் இருப்பது கார்டெக்ஸ்-ஏ72. அதில் வாட்ச்பாயிண்டுக்கான ரெஜிஸ்டர் (செயலிக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்) ஜோடிகள் நான்கு; ஜோடியில் ஒன்று முகவரிக்கு, மற்றது கட்டுப்பாட்டுக்கு. லினக்ஸ் வழியாக ஒவ்வொரு ஜோடியும் எட்டால் வகுபடும் முகவரியில் தொடங்கும் ஓர் எட்டு பைட் கட்டத்தை மட்டும் காக்கும். நான்கு கட்டம், 32 பைட். உங்கள் 48 பைட்டுக்கு ஆறு கட்டம் வேண்டும். ஸ்ட்ரக்ட் எட்டால் வகுபடாத முகவரியில், உதாரணமாக 5014-இல், தொடங்கினால் ஏழாகிவிடும்.

உடனடி வழி: ஸ்ட்ரக்ட்டை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். முதல் 32 பைட்டின் முகவரியை நான்கு ‘லாங்’ (எட்டு பைட் முழு எண்) கொண்ட அணியாக மாற்றி ‘வாட்ச் -எல்’ போடுங்கள். ‘-எல்’ முக்கியம். அது இல்லாவிட்டால் நீங்கள் எழுதிய கோவையில் உள்ள உள்ளூர் மாறி, அதன் செயல் முடிந்து மறைந்ததும் காவலும் போய்விடும். அது இருந்தால் முகவரிதான் காக்கப்படும். ‘ஹார்ட்வேர்’ என்ற சொல் வந்ததா என்று பார்த்த பிறகே ஓடவிடுங்கள். அங்கே எதுவும் சிக்காவிட்டால் மீதி 16 பைட்டுக்கு மாற்றுங்கள். எந்தப் புலம் கெடுகிறது என்று ஏற்கெனவே தெரிந்திருந்தால் அதற்கு மட்டும் போடுவதே மேல்.

48 பைட்டையும் ஒன்றாகக் காக்க வேண்டும் என்றால் வால்கிரைண்ட் என்ற நினைவகச் சோதனைக் கருவி இருக்கிறது. அதன் உள்ளே இருக்கும் ஜி.டி.பி. சேவகம் வாட்ச்பாயிண்டைத் தானே நடித்துக் காட்டுவதால் எண்ணிக்கைக்கும் நீளத்துக்கும் வரம்பில்லை. ஆனால் நிரல் பத்து மடங்குக்கும் மேல் மெதுவாகும். எடைக்கருவி சீரியல் கம்பி வழியாகப் பேசுவதாக இருந்தால் நேரம் தவறிப்போய் வேறு பிழைகள் முளைக்கும். ஒரு நாள் ஓட்டத்தின் சீரியல் தரவைக் கோப்பில் பிடித்து வைத்து, அதையே உள்ளீடாகக் கொடுத்து ஓட்டுங்கள்.

ஒன்று மட்டும் செய்ய வேண்டாம். ஸ்ட்ரக்ட்டின் இடத்தையோ புலங்களின் வரிசையையோ மாற்றிவிட்டு ‘இப்போது கெடவில்லை’ என்று விட்டுவிடாதீர்கள். தவறாக எழுதும் வரி அப்படியே இருக்கிறது. அது இனி வேறு எதையாவது கெடுக்கும். வண்டியின் எடைப்புலம் கெட்டால் விவசாயிக்குக் காசு குறையும்.

கேள்வி: இறுதியாண்டுத் திட்டமாக ஆர்ம்64 (64-பிட் ஆர்ம் செயலி) லினக்ஸுக்கு ஒரு சிறிய டீபக்கர் எழுதுகிறேன். ‘இந்த முகவரியில் இத்தனை பைட்’ என்று எந்த அளவைக் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்ள வேண்டும். இப்போது 1, 2, 4, 8 மட்டும் ஏற்கிறது. எங்கே தொடங்குவது?
– மாணவர், ரெதுயி

பதில்: ரெஜிஸ்டரைத் தொடுவதற்கு முன் தரவமைப்பைச் சரிசெய்யுங்கள், தம்பி. பயனர் கேட்ட வாட்ச்பாயிண்டும் செயலியில் உள்ள ரெஜிஸ்டரும் ஒன்றே என்று எழுதப்பட்ட டீபக்கரில் அகலத்தைப் பிறகு சேர்ப்பது பெரும்பாடு. இரண்டையும் தனித்தனி அடுக்காக வையுங்கள். மேலே ‘கோரிக்கை’: தொடக்க முகவரி, நீளம், காக்க வேண்டியது படிப்பதையா (படிப்பு) எழுதுவதையா (எழுத்து), நிபந்தனை, பழைய மதிப்பின் நகல். கீழே ‘வளம்’: ஒரு ரெஜிஸ்டர் ஜோடி, அது காக்கும் கட்டம், எந்தெந்தக் கோரிக்கைகளுக்காக அது வேலை செய்கிறது என்ற பட்டியல். ஒரு கோரிக்கைக்குப் பல வளங்கள் தேவைப்படலாம். ஒரே எட்டு பைட் கட்டத்தில் இரண்டு மாறிகள் இருந்தால் ஒரே வளத்தை இரண்டு கோரிக்கைகள் பகிரலாம். எல்.எல்.டி.பி. என்ற டீபக்கரும் இந்த வழிக்குத்தான் வந்தது. நெடுங்காலம் 1, 2, 4, 8 என்ற நான்கு அளவுகளை மட்டும் ஏற்ற அது, 2024-இல் வெளிவந்த 19-ஆம் பதிப்பில்தான் ஒரு காவலைப் பல வளங்களாகப் பிரிக்கத் தொடங்கியது.

அடுத்து, எத்தனை ரெஜிஸ்டர் இருக்கிறது என்று கெர்னலை (லினக்ஸின் மையப் பகுதியை) கேளுங்கள். டீபக்கர்களுக்காகக் கெர்னல் தரும் பிட்ரேஸ் அழைப்பின் ரெஜிஸ்டர்-தொகுதி வாசிப்பில் பதினறும 403 எண்ணுள்ள தொகுதி வாட்ச்பாயிண்டுக்கு உரியது (402 பிரேக்பாயிண்டுக்கு). முதலில் வரும் தகவல் சொல்லின் கடைசி எட்டு பிட்டில் எண்ணிக்கை இருக்கும். ‘நான்கு’ என்று நிரலில் எழுதிவிடாதீர்கள். ஆர்ம் கட்டமைப்பு (செயலிகளுக்கான விதித்தொகுப்பு) இரண்டு முதல் 16 வரை அனுமதிக்கிறது. சில மெய்நிகர் இயந்திரங்களில் சுழியமே வரும். திரும்ப எழுதும்போது நீளத்தையும் அந்த எண்ணிக்கைக்கு ஏற்பக் கொடுங்கள். அணியில் 16 இடம் இருக்கிறதே என்று முழுவதையும் அனுப்பினால் கெர்னல் மறுத்துவிடும். பிழை எங்கே என்று தேடி நாள் போகும்.

கட்டுப்பாட்டு எண் இப்படி அமையும்: பிட் 0 இயக்கம், பிட் 1, 2 உரிமை நிலை, பயனர் நிலைக்கு மதிப்பு 2, பிட் 3, 4 வகை, படிப்பு 1, எழுத்து 2, இரண்டும் 3, பிட் 5 முதல் 12 வரை, கட்டத்தின் எட்டு பைட்டில் எவை வேண்டும் என்ற குறி. எட்டு பைட்டுக்கும் எழுத்துக் காவல் என்றால் தசம எண்ணில் 8181. படிப்பும் எழுத்தும் என்றால் 8189. கட்டத்தின் பின்பாதி நான்கு பைட்டுக்கு மட்டும் எழுத்துக் காவல் என்றால் 7701. உங்கள் நிரல் கணக்கிட்ட எண்ணை முதலில் இந்த மூன்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பைட் குறியில் ஒரு பொறி உண்டு. குறியிட்ட பைட்டுகள் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்பது லினக்ஸின் விதி. ஒரே கட்டத்தில் 0-ஆம் பைட்டுக்கு ஒரு கோரிக்கையும் 5-ஆம் பைட்டுக்கு இன்னொன்றும் வந்தால், இரண்டையும் அப்படியே ஒரே ரெஜிஸ்டரில் சேர்க்க முடியாது. 0 முதல் 5 வரை முழுவதையும் காத்து, இடையில் உள்ள பைட்டுகளில் விழும் எழுத்தை நீங்களே ஒதுக்கிவிட்டு ஓட்டத்தைத் தொடர வேண்டும். ரெஜிஸ்டர் மிச்சம் இருந்தால் இரண்டையும் தனியாகவே வையுங்கள். வேண்டாத நிறுத்தம் ஒவ்வொன்றும் நேரத்தைத் தின்னும்.

வளங்களைப் போடும்போது எல்லாம் அல்லது எதுவும் இல்லை என்பதே முறை. மூன்று வளம் தேவைப்படும் கோரிக்கைக்கு இரண்டுதான் கிடைத்தது என்றால், போட்ட இரண்டையும் எடுத்துவிட்டு ‘இடமில்லை’ என்று பயனரிடம் சொல்லுங்கள். அரைகுறையாகக் காத்துக்கொண்டு முழுதாகக் காப்பதுபோல் காட்டிக்கொள்ளும் டீபக்கர், டீபக்கரே இல்லாததைவிட மோசம். அதை நம்பி ஒருவர் தவறான இடத்தில் பிழை தேடிக்கொண்டிருப்பார். கோரிக்கையை நீக்கும்போதும் இதே கவனம் தேவை. பட்டியலில் வேறு கோரிக்கை எதுவும் மிஞ்சாதபோதுதான் வளத்தை விடுவிக்க வேண்டும்.

கடைசியாகத் திரெட்டுகள். லினக்ஸில் இந்த ரெஜிஸ்டர்கள் திரெட்டுக்குத் திரெட் தனி. நிரல் ஒரு புதிய திரெட்டைப் பிறப்பித்தால் அது காவல் இல்லாமலே பிறக்கும். குளோன் நிகழ்வை (புதிய திரெட் பிறந்த செய்தியை) கேட்டு வாங்கி, புதிய திரெட் முதல் கட்டளையை ஓட்டுவதற்கு முன்பே எல்லா வளங்களையும் அதில் எழுதுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் திரெட்டில் மாற்ற முடியாது, நிறுத்திய பிறகுதான்.

கேள்வி: கேள்விப்பட்டது சரியா? ஆர்ம்64 செயலியில் ஒரே ரெஜிஸ்டரால் 2 ஜி.பி. வரை காக்க முடியுமாமே. பிறகு ஏன் இந்த எட்டு பைட் கணக்கு?
– வாசகர், எபேன்

பதில்: சரிதான். கட்டுப்பாட்டு ரெஜிஸ்டரில் பிட் 24 முதல் 28 வரை ‘மாஸ்க்’ என்ற புலம் இருக்கிறது. அதில் 3 முதல் 31 வரை ஓர் எண்ணை வைத்தால், முகவரியின் கடைசி அத்தனை பிட்டுகளைச் செயலி கண்டுகொள்ளாது. 6 என்றால் 64 பைட், 12 என்றால் 4096 பைட், 31 என்றால் 2 ஜி.பி. மாஸ்க் வைத்தால் பைட் குறியின் எட்டு பிட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். மறைக்கப்பட்ட முகவரி பிட்டுகள் எல்லாம் சுழியமாக இருக்க வேண்டும். இல்லையேல் என்ன நடக்கும் என்பதற்குக் கட்டமைப்பு உத்தரவாதம் தருவதில்லை.

லினக்ஸின் பிட்ரேஸ் வழியில் இந்தப் புலத்துக்கு இடமில்லை. அதனால்தான் அங்கே எட்டு பைட் கட்டம். மேக் கணினியில் எல்.எல்.டி.பி.யோடு வரும் டீபக்சர்வர் மாஸ்க்கைப் பயன்படுத்துகிறது. வெறும் பலகையில் ஜேடேக் (செயலியை வெளியிலிருந்து நேரடியாகச் சோதிக்கும் இணைப்பு) கம்பி மாட்டி வேலை செய்பவர்களும் நேரடியாகப் பயன்படுத்தலாம்.

மாஸ்க்கின் விலை, அளவு இரண்டின் அடுக்காக இருக்க வேண்டும், தொடக்கம் அதே அளவால் வகுபட வேண்டும் என்பது. 48 பைட்டை எடுத்துக்கொள்வோம். ஸ்ட்ரக்ட் 5010-இல் தொடங்கி 5040-க்கு முன் முடிந்தால், 5000-இலிருந்து 64 பைட் என்ற ஒரே வளம் போதும். முன்னால் உள்ள 16 பைட் வீண்காவல். அதே ஸ்ட்ரக்ட் 5030-இல் தொடங்கினால், 64 பைட் கட்டம் எதுவும் அதை முழுதாக மூடாது. 128 பைட் என்று பெருக்கினால் 80 பைட் வீண். இங்கே நல்ல வழி பிரிப்பது: நிற்கும் முகவரி எந்த அளவால் வகுபடுகிறதோ, மீதி எவ்வளவு இருக்கிறதோ, இரண்டுக்கும் பொருந்தும் மிகப்பெரிய இரண்டின் அடுக்கை வெட்டி எடுங்கள். 5030-இல் 16 பைட். பிறகு 5040-இல் 32 பைட். இரண்டு வளம், வீண் ஒன்றும் இல்லை. இந்த வெட்டு சில வேளை நிறைய துண்டுகளைக் கொடுக்கும். அப்போது எத்தனை ரெஜிஸ்டர் மிச்சம் என்று பார்த்து, ஓரத்துத் துண்டுகளை ஒன்றாக்கி வீண்காவலை ஏற்றுக்கொள்ள வேண்டும். எங்கள் கருத்தில், அருகில் இருப்பது அடிக்கடி எழுதப்படும் இடம் என்றால் இன்னொரு ரெஜிஸ்டரைச் செலவழிப்பதே லாபம்.

கேள்வி: மேக்கில் ஸ்விஃப்ட்டும் சி++ மொழியும் கலந்த நிரல். 48 பைட்டுக்கு எல்.எல்.டி.பி. காவல் போட்டேன். சில நேரம் நிற்கிறது, ஆனால் காட்டும் முகவரி என் ஸ்ட்ரக்ட்டுக்கு வெளியே! இது எல்.எல்.டி.பி.யின் பிழையா?
– வாசகி, கியூர்பிப்

பதில்: பிழையாக இருக்க வேண்டிய அவசியமில்லை, அம்மா. இரண்டு காரணங்கள் இருக்கின்றன. இரண்டும் வேறு வேறு.

முதலாவது, மேலே சொன்ன வீண்காவல். ஸ்ட்ரக்ட் 5010-இல் இருக்கிறது, வளம் 5000-இலிருந்து. யாரோ 5004-இல் எழுதினால் செயலி நிறுத்தும். அதைக் கண்டுபிடித்து உங்களுக்குக் காட்டாமல் தொடர்வது டீபக்கரின் வேலை.

இரண்டாவது நுட்பமானது. அகல வாட்ச்பாயிண்ட் எழுதுபவர்கள் பெரும்பாலும் இடறும் இடமும் இதுவே. ஆர்ம்64-இல் ஒரே கட்டளை இரண்டு ரெஜிஸ்டர்களை, அதாவது 16 பைட்டை, எழுதும். அப்படி ஒன்று 5008-இல் தொடங்கி எழுதினால் 5018 வரை போகும். உங்கள் ஸ்ட்ரக்ட்டின் முதல் எட்டு பைட் மாறிவிடும். ஆனால் செயலி தரும் முகவரி 5008 ஆக இருக்கலாம். எழுத்து தொடங்கிய இடத்திலிருந்து காவல் உள்ள இடம் வரை எதையும் தர அதற்கு அனுமதி உண்டு. 5008 ஸ்ட்ரக்ட்டுக்கு வெளியே இருக்கிறது என்று டீபக்கர் அதை ஒதுக்கிவிட்டால், நீங்கள் தேடிய திருடனையே விட்டுவிட்டது என்று பொருள். ஒரு பெரிய இடத்தைச் சுழியமாக்கும் கட்டளையும் இப்படித்தான். அது ஒரே அடியில் ஒரு தொகுதியை, பல செயலிகளில் 64 பைட்டை, அழிக்கும். நினைவகத்தைச் சுழியமாக நிரப்பும் நூலகச் செயல்கள் அதைப் பயன்படுத்துகின்றன.

ஆகவே முகவரியை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. நின்ற இடத்தில் உள்ள கட்டளையைப் பிரித்து, எங்கிருந்து எத்தனை பைட் தொடுகிறது என்று கணக்கிட்டு, அந்த எல்லை பயனரின் எல்லையோடு ஒரு பைட்டாவது உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். அது முடியாதபோது நிறுத்தியே காட்டட்டும். வேண்டாத நிறுத்தம் தொல்லை மட்டுமே. தவறவிட்ட நிறுத்தம் பொய்ச் சாட்சி.

உங்கள் தேவை ‘மதிப்பு மாறினால் மட்டும் நிற்க வேண்டும்’ என்பதாக இருந்தால் ‘-டபிள்யூ மாடிஃபை’ என்ற வகையைக் கொடுங்கள். அப்போது எல்.எல்.டி.பி. 48 பைட்டையும் பழைய நகலோடு ஒப்பிட்டு, மாறவில்லை என்றால் பேசாமல் தொடரும். வெளியே விழும் எழுத்துகள் தாமாகவே வடிந்துவிடும். ஒரே மதிப்பைத் திரும்ப எழுதுவதையும் பிடிக்க வேண்டும் என்றால்தான் ‘ரைட்’ வகை.

இன்னொன்று. ஆர்ம்64-இல் நிறுத்தம் வருவது கட்டளை ஓடுவதற்கு முன். மதிப்பு இன்னும் மாறியிருக்காது. டீபக்கர் அந்தத் திரெட்டில் காவலை எடுத்துவிட்டு, அந்த ஒரு கட்டளையை மட்டும் நகர்த்தி, காவலை மீண்டும் போட்டு, அதன் பிறகுதான் பழையது, புதியது என்று காட்டுகிறது. அதனால் திரையில் நிற்பது எழுதிய கட்டளைக்கு அடுத்த கட்டளை. குற்றவாளி அதற்கு முந்தையது.

கேள்வி: இன்டெல் இயந்திரத்திலும் இதே கதைதானா?
– வாசகர், காத்ர் போர்ன்

பதில்: கொள்கை ஒன்று, விவரம் வேறு. டி.ஆர்.0 முதல் டி.ஆர்.3 வரை நான்கு முகவரி ரெஜிஸ்டர்கள். 1985-இல் வந்த 80386 முதல் இதே நான்குதான். நீளம் 1, 2, 4, 8 மட்டும், மாஸ்க் கிடையாது. கட்டுப்பாட்டு ரெஜிஸ்டரான டி.ஆர்.7-இல் நீளக் குறியீடு வரிசையாக இருக்காது: இரும எண்ணில் 00 ஒன்று, 01 இரண்டு, 11 நான்கு, 10 எட்டு. கடைசி இரண்டையும் மாற்றி எழுதிவிடுவது வழக்கமான தவறு. எட்டு பைட்டுக்குப் பதில் நான்கு மட்டும் காக்கப்படும். சோதனையில் முதல் பைட்டை மட்டும் தொட்டுப் பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாது.

ஒவ்வொரு துண்டும் தன் நீளத்தால் வகுபடும் முகவரியில் தொடங்க வேண்டும். 7003-இல் தொடங்கும் 13 பைட்டுக்கு மூன்று ரெஜிஸ்டர்: 7003-இல் 1, 7004-இல் 4, 7008-இல் 8. இங்கே நிறுத்தம் எழுத்து நடந்த பிறகு வருவதால் காவலை எடுத்து நகர்த்தும் வேலை மிச்சம். ஆனால் படிப்பை மட்டும் காக்கும் வகை கிடையாது; படிப்பு-எழுத்து இரண்டையும் சேர்த்துத்தான் போட முடியும். எந்தக் காவல் சிக்கியது என்று டி.ஆர்.6 சொல்லும். அந்தக் குறிகளைச் செயலி தானாக அழிக்காது. நீங்கள் அழிக்காவிட்டால் அடுத்த நிறுத்தத்தில் பழைய குறியும் சேர்ந்து நின்று குழப்பும்.

மற்ற செயலிகள் பற்றிக் கேட்டவர்களுக்கும் இங்கேயே: பவர்8-இன் வாட்ச் ரெஜிஸ்டர் ஒன்றே 512 பைட் வரை காக்கும், ஆனால் 512 பைட் எல்லையைத் தாண்ட முடியாது. ரிஸ்க்-வியில் இரண்டின் அடுக்குக் கட்டங்களைக் காக்கும் ஒரு வகை இருக்கிறது; மாஸ்க்குக்குச் சொன்ன வெட்டு முறை அதற்கும் பொருந்தும்.

கேள்வி: ஒரு பூட்டு மாறிக்கு (ஒரு நேரத்தில் ஒரு திரெட் மட்டும் தரவைத் தொட அனுமதிப்பது) காவல் போட்டேன். பை 4-இல் நிரல் அங்கேயே சுற்றிக்கொண்டு மேலே போகவே இல்லை. காவலை எடுத்தால் ஓடுகிறது.
– வாசகர், போர்ட் லூயிஸ்

பதில்: பூட்டை எடுக்கும் குறிநிரல் ‘தனியுரிமையோடு படி, தனியுரிமையோடு எழுது’ என்ற இரண்டு கட்டளைகளின் சுழல். படித்ததற்கும் எழுதுவதற்கும் இடையில் எந்த விலக்கும் (செயலி நிரலை நிறுத்திவிட்டுக் கெர்னலுக்குத் தாவுவது) வரவில்லை என்றால்தான் எழுத்து வெற்றி பெறும். வாட்ச்பாயிண்ட் நிறுத்தமே ஒரு விலக்கு. அதிலிருந்து திரும்பும்போது செயலி அந்தத் தனியுரிமையைக் கலைத்துவிடும். எழுத்து தோற்கும், சுழல் மறுபடி படிக்கும், மறுபடி காவல் நிறுத்தும். இதற்கு முடிவே இல்லை.

ஏ72 செயலியில் வேறு அணுக் கட்டளைகள் (இடையில் எதுவும் புக முடியாதபடி நடப்பவை) கிடையாது. பை 5-இல் உள்ள ஏ76-இல், ஆர்ம் 8.1-இல் வந்த ஒற்றைக் கட்டளை அணுச் செயல்கள் உண்டு; அவற்றைப் பயன்படுத்தும்படி தொகுத்தால் இந்தச் சுழல் இருக்காது. பை 4-ஐயே வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் பூட்டு மாறியை விட்டுவிட்டு, பூட்டு காக்கும் தரவுக்குக் காவல் போடுங்கள். பூட்டும் தரவும் ஒரே எட்டு பைட் கட்டத்தில் இருந்தால் பைட் குறியால் தரவை மட்டும் பிரித்தெடுங்கள். மாஸ்க் பயன்படுத்தும் டீபக்கரில் அகலக் காவல் போடும்போது, பக்கத்தில் இருக்கும் பூட்டு தெரியாமல் உள்ளே வந்துவிடுவதும் உண்டு. ஒன்றும் விளங்காமல் நிரல் உறைந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

கேள்வி: இவ்வளவு பாடு எதற்கு? அந்த நினைவகப் பக்கத்தையே எழுத முடியாததாகப் பூட்டிவிட்டால் யார் எழுதினாலும் பிடிபடுவாரே?
– வாசகர், ரோஸ் ஹில்

பதில்: பிடிபடுவார். பெரிய, எப்போதாவது மட்டும் எழுதப்படும் அட்டவணைகளுக்கு இது நல்ல வழி. ஆனால் பக்கம் என்பது பெரும்பாலான லினக்ஸ் இயந்திரங்களில் 4096 பைட், ஆப்பிள் செயலிகளில் 16,384. உங்கள் 48 பைட்டோடு அதே பக்கத்தில் இருக்கும் அத்தனை பேரும் ஒவ்வொரு எழுத்துக்கும் சிக்குவார்கள். ஸ்டாக்கில் (உள்ளூர் மாறிகள் இருக்கும் நினைவகப் பகுதி) உள்ள மாறிக்கு இதை நினைத்தே பார்க்காதீர்கள். இன்னொரு பக்கவிளைவு உண்டு: கோப்பிலிருந்தோ சாக்கெட்டிலிருந்தோ அந்தப் பக்கத்துக்குள் படிக்கச் சொல்லிக் கெர்னலைக் கேட்டால், சிக்னல் வராது, தவறான முகவரி என்ற பிழையோடு அழைப்பே தோற்றுத் திரும்பும். நிரலின் நடத்தையே மாறிவிடும்.

இதையொட்டி ஹார்ட்வேர் காவலுக்கும் ஓர் எச்சரிக்கை. கெர்னல் உங்கள் பஃபரை நிரப்பும் எழுத்தை அது பிடிக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம்; ஆர்ம்64 லினக்ஸில் அது உங்களுக்குத் தெரிவிக்கப்படுவதில்லை. மதிப்பு மாறியிருக்கிறது, காவலோ பேசவில்லை என்றால் ஜி.டி.பி.யின் ‘கேட்ச் சிஸ்கால்’ (கெர்னலை அழைக்கும்போது நிறுத்தும் கட்டளை) போட்டு, படிக்கும் அழைப்புகளுக்கு முன்னும் பின்னும் மதிப்பைப் பாருங்கள். பகிர்ந்த நினைவகத்தில் வேறொரு புராசஸ் எழுதுவதும், டி.எம்.ஏ. (செயலியைத் தொடாமல் நினைவகத்தில் நேரடியாக எழுதும் முறை) வழியாகச் சாதனம் எழுதுவதும் அப்படியே கண்ணில் படாமல் போகும்.

கேள்வி: நாங்கள் மூவர் சேர்ந்து எங்கள் டீபக்கரில் அகலக் காவல் சேர்த்துவிட்டோம். சரியாக வேலை செய்கிறது என்று எப்படி உறுதிப்படுத்துவது?
– வாசகி, மோக்கா

பதில்: நடுவில் தொட்டுப் பார்ப்பது சோதனை ஆகாது, ஓரங்களில்தான் பிழை ஒளிந்திருக்கும். காவல் எல்லையின் முதல் பைட்டிலும் கடைசி பைட்டிலும் ஒவ்வொரு பைட் எழுதுங்கள்: இரண்டும் நிற்க வேண்டும். முதல் பைட்டுக்கு முந்தையதிலும் கடைசிக்கு அடுத்ததிலும் எழுதுங்கள்: இரண்டும் நிற்கக் கூடாது. இதையே தொடக்க முகவரியை 0 முதல் 7 வரை ஒவ்வொன்றாகத் தள்ளி, நீளத்தை 1 முதல் 32 வரை மாற்றி, ஒரு சுழலில் ஓடவிடுங்கள். பிரிப்பில் ஓர் எண் தவறியிருந்தாலும் இங்கே வெளிவந்துவிடும். தள்ளிவைத்த முகவரிகளில் நீளம் 32-ஐ நெருங்கும்போது ஐந்து கட்டம் தேவைப்பட்டு ‘இடமில்லை’ என்று வர வேண்டும். அப்படி வராமல் காவல் போட்டதாகச் சொன்னால் அதுவும் பிழைதான்.

பிறகு எல்லையின் இரு ஓரத்திலும் பாதி உள்ளே, பாதி வெளியே விழும் 16 பைட் எழுத்து. அதற்குத் தொகுப்பியை நம்பாமல் இரட்டை எழுத்துக் கட்டளையை அசெம்பிளியில் நேரடியாக எழுதுங்கள். சுழிய நிரப்பல், நினைவக நகல், அதே மதிப்பைத் திரும்ப எழுதுதல் மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காவல் போட்ட பிறகு பிறக்கும் திரெட்டிலிருந்து ஓர் எழுத்து. இதில்தான் முதல் முறை எழுதுபவர்களின் டீபக்கர்கள் அதிகம் தோற்கின்றன. அடுத்து நான்கு ரெஜிஸ்டரையும் நிரப்பி ஐந்தாவதைக் கேளுங்கள், மறுப்பு வர வேண்டும். நடுவில் ஒன்றை நீக்கிவிட்டு மறுபடி கேளுங்கள், கிடைக்க வேண்டும். ஒரே கட்டத்தைப் பகிரும் இரண்டு காவல்களில் ஒன்றை நீக்கிய பின் மற்றது இன்னும் நிற்கிறதா என்பதையும் விட்டுவிடாதீர்கள்.

சோதனைகளை உண்மையான பலகையில் ஓட்டுங்கள். போலி இயந்திரம் நிறுத்தத்தின்போது தரும் முகவரியும் உண்மைச் செயலி தருவதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. கட்டமைப்பு இருவருக்கும் அந்தச் சுதந்திரத்தைக் கொடுத்திருக்கிறது. பை 4, பை 5, முடிந்தால் ஒரு மேக், மூன்றிலும் ஒரே சோதனைத் தொகுப்பை ஓட்டி, நின்ற முகவரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மேக்கில் 32 என்ற வரம்பை 256 ஆக உயர்த்திக்கொள்ளலாம்.